இண்டு இடுக்கில் மெருகு ஏறாத கிட்டார்: குறி பார்த்துக் குறை தீர்க்க

பஃபிங் சக்கரத்தில் காட்டிய முதுகும் முகப்பும் பளபளவென்று வந்துவிடும். கிட்டாரைத் திருப்பி, கழுத்தின் அடிப்பகுதியான ஹீலைப் பார்த்தால், கழுத்து பக்கப்பலகையோடு சேருகிற மூலையில் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மங்கல். கட்அவேயின் (கை மேலே எட்ட உடலில் வெட்டிய பள்ளம்) உள்வளைவு, முகப்பின் மேல் நீண்டு படுத்திருக்கும் ஃப்ரெட்போர்டின் இரு ஓரங்கள், பிரிட்ஜைச் சுற்றிய விளிம்பு, கிளாசிக்கல் கிட்டாரின் ஹெட்ஸ்டாக் ஸ்லாட் என்று சக்கரம் எட்டாத இடமெல்லாம் இதே கதைதான்.

உடனே எல்லோரும் செய்வது, இன்னும் கொஞ்சம் காம்பவுண்டை (மெருகேற்றும் விழுதை) வைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பது. இடுக்கில் அது அநேகமாகப் பலிக்காது. அங்கே தெரிகிற குறை பாலிஷ் போடும்போது உண்டானதாக இருப்பது அபூர்வம். ஸ்ப்ரே அடித்தபோதோ, உப்புத்தாள் போட்டபோதோ, காயவிட்டதில் அவசரப்பட்டபோதோ வந்ததாக இருக்கும். எனவே முதலில் குறியைப் பார்க்க வேண்டும்.

கை வைக்கும் முன்

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒரே மங்கலாகத் தெரிந்தது, சாய்ந்த வெளிச்சத்தில் கோடாகவோ புள்ளியாகவோ அலையாகவோ பிரிந்து தெரியும்.

அடுத்தது நாப்தா. சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற திரவம் அதுதான். துணி முனையில் துளி எடுத்து மூலையை நனையுங்கள். நனைந்திருக்கும்வரை மங்கல் மறைந்தால் குறை மேற்பரப்பில் இருக்கிறது. நனைந்தும் வெள்ளை அப்படியே நின்றால் குறை படலத்துக்குள்ளோ அடியிலோ இருக்கிறது. நன்றாகக் காய்ந்த நைட்ரோ லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு), அரக்கு, பாலியூரித்தேன் எதையும் நாப்தா கரைக்காது. தீப்பற்றக்கூடியது என்பதால் அறையில் கொசுவர்த்தி, விளக்கு எதுவும் எரியக்கூடாது.

என்ன பூச்சு என்றே தெரியாத கிட்டார் என்றால், ட்யூனர் வாஷரின் அடியில் மறைகிற இடத்தில் சோதியுங்கள். பட்ஸில் ஸ்பிரிட் (ஆல்கஹால்) தொட்டு வைத்ததும் பிசுபிசுத்தால் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டில் பெரிதாக ஒன்றும் ஆகாமல் லேக்கர் தின்னரில் இளகினால் நைட்ரோ. இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன், பாலியெஸ்டர் வகை. இது ஏன் முக்கியம் என்றால், அரக்கிலும் நைட்ரோவிலும் புதிதாக வைக்கிற பூச்சு பழையதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். பாலி அப்படி ஒன்றாகாது, ஒவ்வொரு பூச்சு அடுக்கும் தனித்தனிப் படலமாகவே நிற்கும். கீழே சொல்லும் பரிகாரங்களில் பாதி இந்த வேறுபாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

நாப்தா பட்டால் பளிச்சிடுகிறது, காய்ந்ததும் பழைய மங்கல்

அதிகமாக வருவது இதுதான். விரல்நுனியால் தடவிப் பாருங்கள். மணல் மாதிரி தட்டுப்பட்டால் அது காய்ந்த ஸ்ப்ரே. மூலைக்கு நேராக ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்தால் காற்று அங்கே மோதித் திரும்பும். லேக்கர் துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து தூளாகப் படியும். வழவழப்பாக இருந்து சாய்வு வெளிச்சத்தில் கோடு கோடாகத் தெரிந்தால், முந்தைய உப்புத்தாளின் கீறல் போகாமல் அடுத்த தாளுக்குத் தாவியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: காம்பவுண்டை மூடி வைத்துவிட்டு உப்புத்தாளுக்குத் திரும்புவது.

இடுக்குக்கு விரல் ஆகாது. விரல்நுனி மெத்தென்று வளைந்து மூலையின் இரு பக்கத்தையும் தேய்க்கும், நடுக்கோட்டை மட்டும் தொடாது. ஹீல் மூலைக்கு ஐஸ் குச்சியின் முனையைச் சரிவாகச் சீவி, அதில் மெல்லிய கார்க்கோ ஃபெல்ட்டோ ஒட்டி, அதன் மேல் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றிக்கொள்ளுங்கள். ஃப்ரெட்போர்டு ஓரத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டு நல்ல கருவி. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, தாளை அடிப்பக்கம் மடித்து, முகப்பின் மேல் தட்டையாகப் படுக்கவைத்து ஓரத்தை ஒட்டியே இழுத்தால், தாள் கடைசி அரை மில்லிமீட்டர் வரை போகும். பென்சில் அழிக்கும் ரப்பரையும் வேண்டிய வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

தாளின் எண்ணை எங்கே தொடங்குவது? குறையை எடுக்கப் போதுமான மிக நைஸான தாளில். தூள் படிந்த மூலைக்கு 1000 அல்லது 1200, வெறும் கீறலுக்கு 1500 போதும். பிறகு 2000. மைக்ரோ-மெஷ் என்ற துணிமுதுகுத் தேய்ப்புத் தாள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் எண் வரிசையே தனி. மைக்ரோ-மெஷ் 1500 என்பது சாதாரண வாட்டர் பேப்பர் 1500-ஐவிட எவ்வளவோ முரடு. 2000 தாளுக்குப் பிறகு மைக்ரோ-மெஷ் 2400-ஐ எடுத்தால் ஏறிய மெருகைத் திரும்ப இறக்குகிறீர்கள்.

திறந்த பரப்பில் ஒரு தாளை நெடுக்காகவும் அடுத்த தாளைக் குறுக்காகவும் ஓட்டினால், பழைய கீறல் போனதா என்று சுலபமாகத் தெரியும். மூலையில் குறுக்கே போக வழியில்லை. குறுக்கே போனால் ஒவ்வொரு இழுப்பும் சுவரில் முட்டி நின்று, நின்ற இடத்தில் ஒரு தழும்பு விழும். மூலைக்கோட்டின் போக்கிலேயே இழுங்கள். ஆனால் ஒரு தாளுக்குக் கொஞ்சம் இடச்சாய்வு, அடுத்த தாளுக்குக் கொஞ்சம் வலச்சாய்வு. சாய்வு மாறினாலே பழைய கோடு தனித்துத் தெரியும், அது முற்றிலும் போகும்வரை தாளை மாற்ற வேண்டாம்.

ஈரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது கார் பெயின்ட் கடையிலிருந்து வந்த வழக்கம். கார்த் தகட்டுக்கு அது சரி. கிட்டாரில் ட்யூனர் துளை, பிரிட்ஜ் பின் துளை, சவுண்ட்ஹோல் விளிம்பு என்று பூச்சில்லாத மரம் பல இடத்தில் வாய் திறந்திருக்கிறது. தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, துளையைச் சுற்றிப் படலம் வளையமாக எழும்பும். மினரல் டர்பன்டைனைத் துளி துளியாகத் தொட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு தாளுக்கும் பிறகு மூலையைத் துடைத்துவிடுங்கள். முரட்டுத் தாளின் ஒரு துகள் தங்கினாலும் அடுத்த தாள் அதை இழுத்துக்கொண்டே ஓடும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் காம்பவுண்ட். முரட்டுக்கு ஒரு ஃபெல்ட் குச்சி, நைஸுக்கு ஒன்று என்று பிரித்து, குச்சியிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். காம்பவுண்ட் கடுகளவு போதும். அதிகம் வைத்தால் ஃபெல்ட் வழுக்குமே தவிர வெட்டாது. ஹீலின் வளைவுக்கு வெள்ளைப் பருத்தி நாடா ஒன்றில் காம்பவுண்டைத் தடவி, மூலையைச் சுற்றிப் போட்டு இரு முனையையும் மாறி மாறி இழுக்கலாம். குச்சி போகாத இடத்துக்கு இது போகும். ஆனால் நாடாவின் ஓரம் கூர் விளிம்புகளைத் தின்றுவிடும் என்பதால் ஹீலின் அடியை மூடும் ஹீல் கேப் அருகே இழுப்பைத் தளர்த்துங்கள்.

காம்பவுண்ட் வாங்கும்போது சிலிக்கோன் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சிலிக்கோன் மூலையில் தங்கினால், பின்னால் அங்கே பூச்சு வைக்க நேரும்போது லேக்கர் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். பளபளப்பு உடனே தருகிற கார் ஷைனர்களை நான் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை.

நனைந்தாலும் போகாத வெள்ளை

மழை நாளில் நைட்ரோ அடித்திருந்தால் இதை எதிர்பார்க்கலாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஸ்ப்ரே அடிப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூலையில் காற்றோட்டம் குறைவு, படலமும் கனம். அதனால் மற்ற இடம் தெளிந்த பிறகும் அங்கே வெள்ளை நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, படலம்தான் மெலியும்.

வெயில் உறைக்கிற, ஈரமில்லாத நாளுக்குக் காத்திருந்து, ரிட்டார்டர் தின்னரை ஏர்பிரஷ்ஷில் மெல்லிய மூடுபனியாக ஒரு தடவை விடுங்கள். மெதுவாக ஆவியாகும் அந்தத் தின்னர் மேற்படலத்தை இளக்கி ஈரத்தை வெளியே விடும். வழிகிற அளவுக்கு அடித்தால் ஒழுகல் வரும், அது வேறு தலைவலி. பாலி பூச்சில் இந்த வழி கிடையாது. வெள்ளை நிற்கும் ஆழம்வரை தேய்த்து எடுத்து மறுபடி பூச வேண்டியதுதான்.

வெள்ளை வெள்ளியாக மின்னி, நகத்தால் அழுத்தினால் அசைந்தால் அது ஈரமல்ல. படலம் மரத்தை விட்டு எழும்பியிருக்கிறது. அங்கே பாலிஷ் துணியைக் கொண்டுபோகவே வேண்டாம், துணியின் இழை மாட்டி ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும்.

துணி இழுக்கிறது, காம்பவுண்ட் உருண்டு ஒட்டுகிறது

காயவில்லை. மூலையில் மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாசம் இருந்தால் பேச்சே இல்லை, எடுத்து மாட்டிவிடுங்கள். திறந்த பரப்பில் நைட்ரோவுக்கு 2 முதல் 4 வாரம் என்பது பொதுவான கணக்கு. மூலையிலோ கழுத்துக்கு அடித்ததும் பக்கப்பலகைக்கு அடித்ததும் இரண்டும் வந்து சேர்ந்திருக்கும். கனம் அதிகம், காய நாளும் அதிகம். ஹேர் டிரையரைக் காட்டினால் மேல்தோல் மூடி, உள்ளே நிற்கும் தின்னர் கொப்புளமாகக் கிளம்பும். அவசரப்பட்டு மெருகேற்றினால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்துப் படலம் இன்னும் சுருங்கி, அடியில் மறைந்திருந்த உப்புத்தாள் கோடும் மரத்தின் துவாரங்களும் மேலே எழும்.

மூலையில் ஒழுகல் திரண்டு நிற்கிறது

உப்புத்தாளால் ஒழுகலைச் சமன்செய்யப் போனால், மேட்டைவிட அதைச் சுற்றியுள்ள பள்ளம்தான் முதலில் தேயும். ஷேவிங் பிளேடு எடுங்கள். இரு முனையிலும் செல்லோடேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒழுகலின் அகலத்துக்கு மட்டும் கூர்மையை விட்டுவிடுங்கள். பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி இழுத்தால், டேப் சுற்றிலுமுள்ள படலத்தின் மேல் சறுக்கிக்கொண்டு வரும், பிளேடு மேட்டை மட்டும் சுரண்டும். சுருள் சுருளாக வருகிறதென்றால் உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கிறது, நிறுத்துங்கள். பொடியாக உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது, தொடருங்கள். டேப்பின் கனம் மட்டும் மேடு மிஞ்சும். அதைக் கார்க் வைத்த 1200 தாளுக்கு விட்டுவிடலாம்.

விளிம்பில் மரம் எட்டிப் பார்க்கிறது

மெருகு முடிந்த நைட்ரோ படலம் மொத்தமே சுமார் 0.1 மி.மீ., ஒரு ஏ4 தாளின் கனம். பிரெஞ்ச் பாலிஷ் அதைவிட மெலிது. ஹீல் கேப்பின் ஓரத்திலும் பைண்டிங் (உடலின் விளிம்பில் ஒட்டிய பட்டை) முனையிலும் அது இன்னும் மெலிந்திருக்கும். ஈரப்பசையான லேக்கர் கூர்முனையை விட்டு விலகி ஓடுவது அதன் சுபாவம். நிறம் ஏற்றிய கிட்டாரில் துணியில் நிறம் ஒட்டியதுமே நிறுத்திவிடுங்கள், அதற்கு அடுத்த இழுப்பில் மரம்தான்.

நைட்ரோவானால் நுண்ணிய பிரஷ்ஷில் துளி துளியாக லேக்கரை வைத்து, ஒவ்வொன்றும் காய்ந்து அமுங்கிய பிறகு அடுத்ததை வைத்து, சுற்றுப்பரப்பைவிட ஒரு இழை உயர்த்தி, பல நாள் விட்டுச் சமன்செய்யுங்கள். அரக்கில் இது இன்னும் சுலபம். பஞ்சைத் துணியில் பொதிந்த சின்னப் பொட்டலத்தால் அங்கே மட்டும் தொட்டுத் தொட்டு ஏற்றினால் பழையதோடு கலந்துவிடும். கூர்மையான இடுக்குகளைப் பொறுத்தவரை என் ஓட்டு எப்போதும் அரக்குக்கே. ஜார்க்கண்டுக் காட்டு மரங்களில் பூச்சி கட்டுகிற அதே அரக்கைத்தான் ஸ்பெயினின் கிளாசிக்கல் கிட்டார் பட்டறைகளும் பிரெஞ்ச் பாலிஷுக்கு எடுக்கின்றன. ஒரே குறை, ரோஸ்வுட்டின் மேல் ஸ்பிரிட் பட்டால் அதன் நிறம் கசிந்து பக்கத்து வெளிர்நிற பைண்டிங்கில் ஊதாக் கறையாக ஏறும். பொட்டலத்தை பைண்டிங்கிலிருந்து ரோஸ்வுட் பக்கமாக நகர்த்துங்கள், திரும்பி வராதீர்கள்.

பாலியில் ஒரு பூச்சு அடுக்கைத் தாண்டித் தேய்த்துவிட்டால், அந்த அடுக்கு முடிகிற இடத்தில் மெல்லிய வளையம் தெரியும். அதைத் தேய்த்து மறைக்கப் பார்த்தால் வளையம் பெரிதாகும். முழு ஹீலுக்கும் ஒரு புது அடுக்கு வைப்பதே வழி.

மஹோகனித் துவாரத்திலும் பைண்டிங் ஓரத்திலும் வெள்ளைப் பொடி

காய்ந்த காம்பவுண்ட். மிருதுவான பல்துலக்கியில் நாப்தா தொட்டு, மரக்கோட்டின் போக்கில் தேய்த்து எடுங்கள். மூலைக்கோட்டில் நிற்பதற்குப் பல்குத்தும் குச்சி முனையில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வெறும் குச்சி கீறும். அடுத்த முறை கருமரத்துக்கு வெள்ளைக் காம்பவுண்ட் போடாதீர்கள்.

கழுத்தும் உடலும் சேரும் கோட்டிலேயே முடி போல் வெடிப்பு

இதைப் பாலிஷ் குறை என்று நினைக்கவே கூடாது. இரண்டு மரங்கள் சேருமிடத்தில் லேக்கர் கனமாகப் பாலம் போட்டு நிற்கிறது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் மரங்கள் ஆளுக்கொரு பக்கம் அசைகின்றன, பாலம் முறிகிறது. கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி வைத்துப் பாருங்கள், பிறகு முழுக்கத் தளர்த்திப் பாருங்கள். வெடிப்பின் அகலம் மாறினால் ஹீல் ஒட்டே விடுகிறது. அது செப்பனிடுபவரிடம் போக வேண்டிய கேஸ். அதன் மேல் லேக்கர் ஊற்றி மினுக்கினால், அவர் வேலையை நீங்கள் கூட்டிக்கொடுக்கிறீர்கள். அகலம் மாறவில்லை என்றால் கோட்டில் கத்தி முனையால் மெல்ல ஒரு சுத்தமான கீறு போட்டு, மெல்லிய லேக்கரை இழுத்துக்கொள்ள விட்டு, மேலே சொன்னபடி சமன்செய்யலாம்.

பூட்டிக் கழற்றும் கழுத்து என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம். கழுத்தையும் உடலையும் தனித்தனியாகப் பூசி, தனித்தனியாக மெருகேற்றிப் பிறகு சேர்த்துவிடலாம். ஸ்பானிய முறையில் பக்கப்பலகைகளை ஹீலுக்குள்ளேயே செருகிக் கட்டுகிற கிளாசிக்கல் கிட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கட்அவேயின் உள்வளைவில் பிம்பம் நெளிகிறது

பளபளப்பு இருக்கிறது, ஆனால் ட்யூப்லைட்டின் பிம்பம் பாம்பாக வளைகிறது. விரலால் தாள் போட்டதன் தடம். கார்க் கட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். வளைவின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் 120 தாளைச் சொரசொரப்பு வெளியே தெரியும்படி ஒட்டி, கார்க்கை அதில் தேய்த்தால் கார்க் அந்த வளைவையே பிடித்துக்கொள்ளும். தாளையும் டேப்பையும் உடனே எடுத்துவிடுங்கள். அதே கார்க்கில் 1200 சுற்றி வளைவின் போக்கில் ஓட்டினால் மேடுகள் மட்டும் மங்கும், பள்ளங்கள் மினுங்கிக்கொண்டே இருக்கும். மினுக்கம் ஒரு புள்ளியும் மிஞ்சாதபோது சமன். கூர்முனை கட்அவேயில், முனைக்குச் சமீபம் வரும்போது கார்க்கைத் தூக்கிவிடுங்கள், அந்த முனையில் படலம் என்று ஒன்று இருந்தாலே அதிர்ஷ்டம்.

சின்ன மெஷின் வைத்த இடத்தில் சுருக்கம், தீய்ந்த வாசம்

ரோட்டரி கருவியில் ஒரு அங்குல ஃபெல்ட்டை மாட்டி மூலைக்குள் விட்டிருப்பீர்கள். சூடு போக இடமில்லாத மூலையில் லேக்கர் நொடியில் இளகும். அரக்குக்கு 75 டிகிரி செல்சியஸ் சூடே போதும். சுருங்கிய இடத்தைத் தொடாமல் சில நாள் விட்டு, ஒழுகலைப் போலப் பிளேடால் சமன்செய்து மறுபடி கையால் ஏற்றுங்கள். இடுக்கில் மெஷின் வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

பிரிட்ஜைச் சுற்றி மங்கிய வளையம்

முடிந்தால் பிரிட்ஜை ஒட்டுவதற்கு முன்பே முகப்பை மெருகேற்றிவிடுங்கள், இந்தத் தலைப்பே தேவைப்படாது. ஒட்டியாகிவிட்டதென்றால் முதல் சந்தேகம் பிதுங்கிய பசையின் மேல். தச்சர் வெள்ளைப் பசையானால் வெதுவெதுப்பான நீரில் பிழிந்த பட்ஸ் அதை இளக்கும், உடனே உலர்த்துங்கள். பிறகு ஏடிஎம் கார்டு முறை.

ஹெட்ஸ்டாக் ஸ்லாட்டின் உட்சுவர் பளபளக்கவில்லை

விட்டுவிடுங்கள். ஸ்லாட் வளைவுக்கு ஏற்ற உருளைக்குச்சியில் 1500 சுற்றி, சீரான மெல்லிய மினுக்கம் வந்தால் போதும். கம்பி சுற்றியதும் யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே கண்ணாடி மினுக்கம் தேடி ஸ்லாட் வாய் விளிம்பைத் தேய்த்துத் தள்ளியவர்கள்தான் அதிகம்.

எல்லாம் முடிந்து சில வாரத்தில் ஹீலருகே பிசுபிசுத்த தடம்

பாலிஷ் காரணமல்ல. ஸ்டாண்டின் ரப்பர் அல்லது பிவிசி உறையிலுள்ள பிளாஸ்டிசைசர் (அதை மிருதுவாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) நைட்ரோவுக்குள் இறங்கி அதை இளக்கியிருக்கிறது. மேசையில் போட்ட ரப்பர் பாயும் இதைச் செய்யும். நாப்தாவில் துடைத்துவிட்டுச் சில நாள் திறந்து வையுங்கள். இறுகினால் நைஸ் காம்பவுண்டில் மீளும், இறுகாவிட்டால் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். ஸ்டாண்டுக்குப் பழைய பருத்தி பனியனைச் சுற்றிவிடுங்கள். அரக்குப் பூச்சானால் கையில் சானிட்டைசர் ஈரம் காயாமல் கிட்டாரை எடுக்க வேண்டாம், அதிலிருப்பதும் ஆல்கஹால்தான்.